பதினாறாம் வாரத்திலிருந்து

ஜனவரி 8
இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. தைராய்டு சுரப்பியின் ஹார்மோனான தைராக்சினின் மொத்த அளவு எல்லையைத் தாண்டியிருப்பதாகவும், நான் சாப்பிடும் தைராய்டு மாத்திரையைக் குறைக்க வேண்டியிருக்கும் என்றும் ஆய்வகத்தில் இருந்தவர் சொன்னார். தாளில் அச்சிட்டிருந்த எல்லை கருவுறாத பெண்களுக்கு உரியது. கருவுற்ற உடலில் ஈஸ்ட்ரோஜன் ஏற ஏற, ஈரல் உண்டாக்கும் தைராக்சின் பிணைப்புப் புரதத்தின் மேல் சியாலிக் அமிலம் என்னும் சர்க்கரை வகைப் பொருள் கூடுதலாகச் சேர்கிறது. அதனால் அந்தப் புரதம் இரத்தத்தை விட்டு நீங்கத் தாமதமாகி, 20 வாரத்துக்குள் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகிவிடுகிறது. புரதம் பெருகினால் அது பிடித்து வைத்திருக்கும் ஹார்மோனும் பெருகத்தான் செய்யும். திசுக்களுக்குள் நுழைவதோ எதிலும் ஒட்டாத பங்கு மட்டுமே. அது ஏறக்குறைய 0.03 விழுக்காடு.

ஜனவரி 9
மாத்திரையைக் குறைக்கவில்லை.

ஜனவரி 21
சத்துவாச்சாரி வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் வயிறு தள்ளிய நாட்டுக் குரங்கு ஒன்று காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறது. அத்தை வாழைப்பழம் வைத்துவிட்டு, "உனக்குத் துணை வந்திருக்கிறாள்" என்றார். அவளுக்குச் சூல் ஐந்தரை மாதம்தான். அவள் இரத்தத்திலும் ஹார்மோனைச் சுமக்கும் புரதங்கள் ஓடுகின்றன. அவை என்னுடையவை போலவே பெருகுமா என்று எண்ணிக்கொண்டே துணி மடித்தேன்.

பிப்ரவரி 2
தூக்கமில்லை. கல்லூரியில் படித்த அணில் குரங்கு நினைவுக்கு வந்தது. தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் அதன் இரத்தத்தில் கார்ட்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோன் மனிதரைவிடப் பல மடங்கு உண்டு. அதைப் பிடித்து வைக்கும் புரதமோ மிகக் குறைவு. ஆகவே கட்டற்ற பங்கும் மிகுதியாகவே இருக்கிறது. ஆயினும் அதற்கு நோயில்லை, ஏனெனில் அதன் செல்களில் ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் கார்ட்டிசாலுக்கு மந்தமாகவே இணங்குகின்றன. ஓர் உயிரின் எண்ணை வைத்து இன்னோர் உயிரைக் கணிக்க முடியாதென்றால், குரங்குக்கும் எனக்கும் மட்டுமல்ல, சென்ற ஆண்டு நானாக இருந்தவளுக்கும் இன்றைய எனக்குமே அது பொருந்தும்.

பிப்ரவரி 12
மருத்துவர் எதிலும் ஒட்டாத தைராக்சினின் அளவான ஃப்ரீ டி4, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். இரண்டையும் பார்த்தார். முன்னது சரியாக இருக்கிறது. பின்னது சற்று ஏறியிருக்கிறது, தைராக்சின் போதவில்லை என்பதற்கு அது அடையாளம். மாத்திரையைக் கூட்டினார். குறைத்திருந்தால் குழந்தைக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது கை நடுங்கியது. பாலாற்றில் மணலைத் தோண்டி ஊற்றெடுப்பவர்கள், மணல் பிடித்து வைத்திருக்கும் நீரைக் கணக்கிடுவதில்லை. ஊற்றில் சுரப்பதுதான் குடத்துக்கு வரும். என் குழந்தைக்கு வந்து சேர்வதும் அப்படித்தான்.

பிப்ரவரி 13
குழந்தை இருமுறை அசைந்தது.

மார்ச் 5
மூன்று நாட்களாக அவள் தொட்டிப் பக்கம் வரவில்லை. இந்த மாதங்களில்தான் அவை குட்டி ஈனும் என்று அத்தை தேற்றுகிறார். வெயில் ஏறிவிட்டது, தொட்டி மூடியின் மேல் தினமும் ஒரு கிண்ணம் தண்ணீர் வைக்கிறேன்.

மார்ச் 9
மறுபடி இரத்தம் கொடுத்தேன். முடிவு மாலை ஐந்து மணிக்கு. மொத்த அளவை மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.