முன்பாரம், பின்பாரம்

மாட்டுவண்டிக்குத் தரையில் இரண்டு சக்கரம்தான். மூன்றாவது தாங்கல் மாட்டின் கழுத்து. வண்டி நன்றாக ஓடுகிறதா இல்லையா என்பதை மாட்டின் பலத்தை விட இந்த மூன்று இடங்களுக்கும் பாரம் எப்படிப் பிரிகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. பாரம் ஏற்றத் தெரிந்தவர்கள், மாட்டின் கழுத்தில் உட்காரும் குறுக்குக் கட்டையான நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டைப் பூட்டுவார்கள்.

கணக்கு எளிது. அச்சிலிருந்து நுகத்தடி வரை 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன் சுமையின் நடுப்புள்ளி அச்சுக்கு 15 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால் இரண்டு கழுத்திலும் சேர்த்து 50 கிலோ உட்காரும். அரை அடி மூட்டை நகர்ந்ததற்கு 50 கிலோ! அதே அளவு பின்னால் போனால் நுகத்தடி மேலே எழும்பும், பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும், மாடு மூச்சுத் திணறும். முன்பாரம் கழுத்தைப் புண்ணாக்கும். பின்பாரம் வண்டியை நகரவே விடாது. இரண்டில் ஒன்று தவிர்க்க முடியாதென்றால் லேசான முன்பாரமே மேல். நுகத்தடி கழுத்தில் படிந்து உட்காரும், துள்ளாது.

சமதளத்தில் சரியாக இருக்கும் பாரம் சரிவில் மாறிவிடும். வைக்கோல் போர் ஏற்றிய வண்டியில் சுமையின் நடுப்புள்ளி அச்சுக்கு ஒரு மீட்டர் மேலே இருக்கும். பத்தடிக்கு ஓரடி இறங்கும் (பத்துக்கு ஒன்று) இறக்கத்தில் அது 10 சென்டிமீட்டர் முன்னால் போய், ஒரு டன்னுக்கு 33 கிலோ கூடுதலாகக் கழுத்தில் விழும். ஏற்றத்தில் இது தலைகீழ். வண்டிக்காரர் ஏற்றத்தில், வண்டியிலிருந்து நுகத்தடிக்கு நீளும் ஏர்க்கால் மேல் முன்னால் நகர்ந்து உட்காருவதும், இறக்கத்தில் இறங்கி நடப்பதும் இதனால்தான். குதிரை பூட்டிய ஜட்காவில் இது இன்னும் நுணுக்கம். ஒரே குதிரை, லேசான வண்டி. ஆள் மாறி உட்கார்ந்தாலே கணக்கு மாறும். “அம்மா, சித்த முன்னால நகர்ந்து உக்காருங்க” என்று ஜட்காக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தது சும்மா இல்லை.

இனி சக்கரம். கட்டை வண்டியின் சக்கரம் சுமார் ஐந்தடி உயரம். நடுவில் குடம், அதிலிருந்து 12 ஆரக்கால், ஆரக்கால்களின் தலையில் வளைந்த மரத்துண்டுகளாக 6 வட்டை, எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டா. ஒரு வட்டைக்கு இரண்டு ஆரக்கால் என்பதுதான் பரவலான அமைப்பு. மரம் பெரும்பாலும் கருவேலம். அடி தாங்கும், எளிதில் பிளக்காது. அறுத்த மரத்தை நன்றாகக் காயப்போட வேண்டும். பச்சை மரத்தில் செய்த சக்கரம் ஒரே கோடையில் ஆடத் தொடங்கும். குடத்துத் துளைக்குள் மரம் சுருங்கி ஆரக்கால் லொடலொடக்கும்.

வட்டைகளைக் கோக்கும்போது ஒன்றோடொன்று முட்ட விடக்கூடாது. ஒவ்வொரு சந்திலும் நூல் அளவு இடைவெளி வேண்டும். பட்டா இறுகும்போது அந்த இடைவெளி மூடி, அழுத்தம் ஆரக்கால் வழியாகக் குடத்துக்குப் போகும். முன்பே முட்டிக்கொண்டிருந்தால் பட்டாவின் இறுக்கமெல்லாம் வட்டைகளே தாங்கிக்கொள்ளும், ஆரக்கால் இறுகாது. வெளியிலிருந்து பார்த்தால் அருமையான சக்கரம், உள்ளே பொக்கு. இடைவெளி மிகுந்தாலோ சக்கரம் ஒரு பக்கமாகக் குழிந்து கோணும்.

பட்டா ஏற்றுவது பட்டறையின் பெரிய வேலை. ஐந்தடிச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 4.8 மீட்டர். பட்டாவை அதைவிட 10 முதல் 12 மில்லிமீட்டர் குறைவாக வளைத்துச் சேர்ப்பார்கள். வரட்டி மூட்டத்தில் வைத்துச் சுட்டால், 300 டிகிரி சூடு ஏறும்போது 17 மில்லிமீட்டர் நீளும். அந்தச் சில மில்லிமீட்டர் மிச்சத்தில்தான் பட்டா சக்கரத்தின் மேல் இறங்க வேண்டும். குடம் பள்ளத்தில் இறங்கும்படி சக்கரத்தைத் தரையில் படுக்க வைத்து, மூன்று நான்கு பேர் குறட்டால் பட்டாவைத் தூக்கி வந்து போட்டு, சம்மட்டியால் தட்டி இறக்குவார்கள். இறங்கியதும் சுற்றிலும் தண்ணீர். தாமதித்தால் வட்டை கரியாகும். கரி உதிர்ந்தால் அந்த அளவுக்குப் பட்டா தளர்ந்துவிடும், செய்த வேலை வீண். ஆகவே பட்டாவை அளவுக்கு மேல் சிவக்கக் காய்ச்சுவது திறமை ஆகாது.

கோடையில் பட்டா தளர்ந்தால் சக்கரத்தைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊறப் போடுவது வழக்கம். மரம் ஊறி இறுகும். ஆனால் இது அவசரத்துக்கு மட்டும். இரும்புக்குள் நெருக்கிக்கொண்டு ஊதும் மரம் தன் நாரையே நசுக்கிக்கொள்ளும். காய்ந்ததும் முன்னைவிடச் சுருங்கும். அடிக்கடி ஊறப்போட வேண்டியிருந்தால் பட்டாவைக் கழற்றி, வெட்டிக் குறைத்து, மறுபடி ஏற்றுவதே சரி.

அச்சு சதுர இரும்பு. குடத்துக்குள் நுழையும் இரு முனைகள் மட்டும் உருண்டை. வெளியே வளையம், அதற்கும் வெளியே சக்கரம் கழலாமல் தடுக்கும் கடையாணி. மசகு என்பது வைக்கோலைச் சுட்ட கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த வண்டி மை. எண்ணெய் மட்டும் ஊற்றினால் வழிந்து ஓடிவிடும்; கரி அதைப் பிடித்து வைக்கும். கிரீச்சிடும் வண்டியை அழகு என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது இரும்பை இரும்பு தின்கிற சத்தம்.

அச்சு முறியும் பயம் பழையது. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் உப்பு விற்கும் உமணர் வண்டியின் அடிமரத்தில் ‘சேம அச்சு’ ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். மாடு இளையது, பாரம் பெரிது, வழியில் பள்ளமோ மேடோ யார் கண்டது என்ற காரணமும் அந்தப் பாட்டிலேயே இருக்கிறது. ஔவையார் அதியமான் மகன் பொகுட்டெழினியை அந்த மாற்று அச்சோடு ஒப்பிடுகிறார். அச்சு முறிவதற்கான காரணங்களை இதைவிடச் சுருக்கமாக எந்தக் கையேடும் சொல்லாது.

டயர் வண்டி வந்தபோது பெரும்பாலான பட்டறைகளுக்கு வேலை போயிற்று. பழைய மோட்டார் வண்டியின் அச்சு, பேரிங், ரப்பர் டயர். தார்ச்சாலையில் இழுவை வெகுவாகக் குறையும். பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர் என்.எஸ். ராமசாமி மாட்டுவண்டியைச் சீர்திருத்தப் பல காலம் வாதாடினார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் லேசாக ஓடுகிறது என்பதற்காகவே பாரத்தை ஏற்றிவிடுகிறார்கள். இருபதுக்கு ஒன்று ஏற்றத்தில் எந்தச் சக்கரமானாலும் ஒரு டன்னுக்கு 50 கிலோ இழுவை கூடும். டயர் அதில் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு ஜோடி மாடு நாள் முழுக்க இழுக்கக்கூடியது அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு. மாட்டுக்கு 350 கிலோ என்றால் ஜோடிக்கு 70 கிலோ. சமதளத்தில் இரண்டு டன்னை எளிதாக இழுக்கும் ஜோடி பாலத்து ஏற்றத்தில் மண்டியிடுவது அதனால்தான். இறக்கத்தில் பிரேக் இல்லாத டயர் வண்டி இன்னும் மோசம். மாட்டையே முன்னே தள்ளிக்கொண்டு போய்க் குடை சாய்க்கும்.

தார்ச்சாலைக்கு லாடம் கட்டாயம். பிளவுபட்ட குளம்பு, காலுக்கு இரண்டு, ஆக மாட்டுக்கு 8. வேலை நேரத்துக்குச் சட்டமும் இருக்கிறது. 1965ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள்படி நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், இடைவிடாமல் 5 மணி நேரத்துக்கு மேலும் வண்டி மாட்டை வேலை வாங்கக்கூடாது. 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இதை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

மனிதன் இழுக்கும் வண்டியிலும் இதே கணக்குதான், கழுத்துக்குப் பதில் கை. கை ரிக்‌ஷாவைத் தமிழ்நாடு 1970களில் ஒழித்தது. சைக்கிள் ரிக்‌ஷா அந்த இடத்துக்கு வந்தது. காய்கறி, இட்லிக்கடைத் தள்ளுவண்டிக்கு மட்டும் பாரம் பிரிக்கும் தொல்லை இல்லை, நான்கு சக்கரம். ஆனால் பல வண்டிகளில் நான்குமே திரும்பாத சைக்கிள் சக்கரங்கள். திருப்ப வேண்டுமானால் ஒரு பக்கத்தைத் தூக்க வேண்டும். தூக்காமல் பக்கவாட்டில் தள்ளுகிறார்கள். மர ஆரக்கால் கீழே அழுந்தித் தாங்கும். சைக்கிள் கம்பியோ இழுவிசையில் நிற்பது, பக்கவாட்டு விசையை அதிகம் பொறுக்காது. ஒரு கம்பி போனால் பக்கத்துக் கம்பிகள் அதன் பங்கையும் சேர்த்து ஏற்று, ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அறுந்த அன்றே மாற்றி, சக்கரத்தைக் கோட்டம் எடுத்துவிடுவது நல்லது.