கேட் ஓஎஸ்: பிட்டா பைட்டா என்று பார்க்காமல் நான் பட்ட பாடு

போன வாரம் கேட் (எம்.டெக். சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு) ரிசல்ட் வந்தது. சொல்லிக்கொள்ளும்படியான ரேங்க் இல்லை, ஆனால் எம்.டெக். இடம் கிடைத்துவிடும். இரண்டாவது முயற்சி என்பதால் என்னைவிட அம்மாவுக்குத்தான் நிம்மதி. ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்) பாடம் முழுக்க எப்படிப் படிப்பது என்று எழுத எனக்குத் தகுதி இல்லை. ஃபைல் அலொகேஷனை, அதாவது ஒரு ஃபைலை டிஸ்க்கின் பிளாக்குகளில் (சம அளவுத் துண்டுகளில்) எப்படி வைப்பது என்பதை மட்டும் எழுதுகிறேன். என்னை அதிகம் படுத்தியது அதுதான்.

2004 தாளின் ஐநோட் (ஒரு ஃபைலின் பிளாக்குகள் எங்கே என்று முகவரி வைத்திருக்கும் பதிவு) கேள்வியைப் போடாதவர் யாரும் இருக்க முடியாது. ஃபைல் அதிகபட்சம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதுதான் கேள்வி. 10 டைரக்ட் பாயிண்டர், சிங்கிள், டபுள், டிரிபிள் இன்டைரக்ட் தலா ஒன்று, பிளாக் 1 கே.பி., முகவரி 32 பிட். டைரக்ட் நேராக டேட்டா பிளாக்கைக் காட்டும்; சிங்கிள் முகவரிகள் நிறைந்த ஒரு பிளாக்கைக் காட்டும்; டபுள், டிரிபிள் அதையே இரண்டு, மூன்று மட்டமாகச் செய்யும். ஒரு பிளாக்கில் எத்தனை முகவரி என்று பார்க்க நான் 1024-ஐ அப்படியே 32-ஆல் வகுத்தேன். டிரிபிளுக்கு மூன்று மட்டம், 32-இன் கனம் 2^15, அதை 1 கே.பி.யால் பெருக்கினால் 2^25. விடைகளில் அது இல்லை, 2^24 இருந்தது. எங்கோ ஒரு 2 கூடிவிட்டது போல என்று அதையே குறித்துவிட்டு நகர்ந்தேன்! 32 பிட் என்றால் 4 பைட். ஒரு பிளாக்கில் 256 முகவரி. 256-இன் கனம் 2^24 பிளாக், ஆக 2^34 பைட், ஏறக்குறைய 16 ஜி.பி. மற்ற மட்டங்களெல்லாம் இதன் முன்னால் தூசு.

இதே தப்பை மாக் டெஸ்ட்டில் இன்னும் மூன்று முறை செய்தேன். நான் சேர்ந்திருந்த கோச்சிங்கில் தந்த விடைத்தாளில் சூத்திரம் மட்டும்தான் இருக்கும், எங்கே சறுக்கினேன் என்று அதில் தெரியாது. எண்ணை நாமே அடிக்கும் கேள்வியில் நெகட்டிவ் மார்க் இல்லை என்று சந்தோஷப்படுகிறோம். ஆனால் அங்கே சந்தேகத்தைக் கிளப்ப விடைகளும் இல்லையே.

எனக்குச் சூத்திரம் மனதில் நிற்காது, படம் நிற்கும். அதனால் ஸ்க்ரிபிள் பேடில் முதல் வரியாக ‘முகவரி = __ பைட்’ என்று எழுதிவிட்டுத்தான் பாயிண்டர் மரத்தையே வரைவேன். கடைசி இரண்டு மாதம் இதைத் தவிர வேறெதையும் மாற்றவில்லை.

மற்றவை:

- 2012 கேள்வியிலும் ஃபைலின் அதிகபட்ச அளவுதான்; டிஸ்க் 300 ஜி.பி., விடையோ 35 கே.பி. அச்சுப்பிழை என்றே நினைத்தேன். பிளாக் 128 பைட், முகவரி 8 பைட்; டைரக்ட் 8, சிங்கிள் 16, டபுள் 256: 8+16+256 = 280 பிளாக்தான். 300 ஜி.பி. சும்மா மிரட்ட.
- 2014 கேள்வியில் ஃபேட் (எந்த பிளாக்குக்கு அடுத்தது எது என்று குறித்துவைக்கும்) அட்டவணைக்கே டிஸ்க்கில் இடம் போகும். 100×10^6-இல் 0.4×10^6 கழித்து 99.6×10^6 பைட்.
- பிளாக் எண் 0-இலிருந்து. மேலே சொன்ன 2004 அமைப்பில் சிங்கிள் 10 முதல் 265 வரை, டபுள் 266-இல் தொடங்கும்.
- ஐநோட் மெமரியில் இருந்தால் டபுள் வழியாகப் படிக்க 3 டிஸ்க் அணுகல். இருக்கிறதா என்று கேள்வியை மறுபடி பாருங்கள்.
- 2-இன் அடுக்குகளைக் கூட்டிப் பெருக்கிப் பழகுங்கள் (2^15 × 2^10 = 2^25). திரையில் இருக்கும் கால்குலேட்டரை மவுஸால் தட்டுவதற்குள் பொறுமை போய்விடும்.

அப்புறம், இஎக்ஸ்டி4-இல் (லினக்ஸின் ஃபைல் சிஸ்டம்) எக்ஸ்டென்ட் முறையைப் பற்றி இரண்டு நாள் படித்தேன். பிளாக் பிளாக்காக முகவரி வைக்காமல் ‘இங்கிருந்து இத்தனை’ என்று ஒரே பதிவு, 4 கே.பி. பிளாக்கில் ஒரு பதிவே 128 எம்.பி. வரை பிடிக்கும். பெரிய ஃபைலுக்கு எவ்வளவு மிச்சம் பாருங்கள்! பரீட்சையில் ஒரு மார்க்குக்கும் உதவவில்லை. நேர்காணலில் யாராவது கேட்டால் மட்டும் பத்து நிமிடம் பேசுவேன்.