உதயகிரி கோட்டைக்குள்ள ஒரு கல்லறை, அம்மாவோட நேர்ச்சை

2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் அடிச்சப்போ எங்க அண்ணன் கடல்ல இருந்தான். குளச்சல் பக்கம் உள்ளவங்களுக்கு அந்த நாளுகளைப் பத்தி சொல்லவே வேண்டாம். போட்டு பத்தி ஒரு தகவலும் இல்ல, கரையில நின்னு அழுறதத் தவிர ஒண்ணும் தெரியல, அப்போ அம்மா, விசுவாசத்துக்காக உயிரைக் குடுத்த எங்க பக்கத்து தேவசகாயத்துக்கிட்ட நேர்ந்துக்கிட்டாங்க, பிள்ளை உயிரோட வந்தா அவனைக் கூட்டிக்கிட்டு நீரு பாடுபட்ட இடமெல்லாம் வந்து மெழுகுதிரி ஏத்துறேன்னு. லட்சத்தீவுல கரை ஏறிட்டோம்னு அண்ணன் போன் பண்ணினான். அதுக்கப்புறம் அம்மாவுக்கு முட்டுவலி, கொரோனா, அண்ணனுக்குத் தொழில்னு இழுத்துக்கிட்டே போச்சு. 2022 மே 15 ரோம்ல புனிதர் பட்டம் குடுத்ததை டிவியில பாத்து அம்மா அழுத அழுகை, அவரு புனிதராயிட்டாரு நான் இன்னும் கடனை வச்சிருக்கேனேன்னு. இந்தத் தவக்காலத்துலதான் அதுக்கு வேளை வந்தது.

நாங்க நேரா தேவசகாயம் பாடுபட்ட புலியூர்குறிச்சி பாறைக்குப் போலாம்னுதான் நெனச்சோம், அம்மா விடல. "மொதல்ல டிலனாய் கல்லறைக்குப் போணும் மக்களே, அவரு வாயத் தொறந்து வேதம் சொல்லலேன்னா தேவசகாயமே கிடையாது"ன்னாங்க. டிலனாய்ங்கிறது டச்சுப் படையில வந்த வீரர், அவரு கல்லறை புலியூர்குறிச்சி உதயகிரி கோட்டைக்குள்ள இருக்கு. திங்கள்சந்தை வழியா பஸ்ல தக்கலை, அங்க இறங்குன உடனே ஆட்டோக்காரங்க சுத்திக்கிட்டாங்க, பக்கத்துல இருக்கிற கோட்டைக்கு அவங்க கேட்ட காசு அநியாயம், பத்மநாபபுரம் அரண்மனையும் சேத்து காட்டுறோம், கைடும் நாங்களே ஏற்பாடு பண்றோம்னு விடமாட்டேங்கிறாங்க, நேர்ச்சைக்கு வந்த வயசானவங்கன்னு ஒரு இரக்கம் வேண்டாமா? நாகர்கோவில் போற அடுத்த பஸ்ல ஏறி புலியூர்குறிச்சியிலயே இறங்கிட்டோம்.

உதயகிரி கோட்டை இப்போ வனத்துறை பூங்கா. டிக்கெட் எடுத்து உள்ள போனா மான், பறவைக்கூண்டு, பெரிய பெரிய மரங்க, ஸ்கூல் பஸ்ல வந்த பிள்ளைங்க கூச்சல். ஒரு காலத்துல பீரங்கி வார்த்த இடம் இது. கொஞ்சம் உள்ள நடந்தா கூரை இல்லாத பழைய கிறிஸ்தவக் கோயில், சுவரு மட்டும் நிக்குது, அதுக்குள்ளதான் கல்லறைங்க. டிலனாய், அவரு மனைவி, மகன் எல்லாரும் அங்கேயே. கல்லுல லத்தீன்லயும் தமிழ்லயும் எழுதியிருக்கு. அந்த எடத்துல போயி கல்லறை மேல சாஞ்சு செல்ஃபி எடுக்கிறாங்க, சுவத்துல பேரு கிறுக்கி வச்சிருக்காங்க, பாட்டிலைப் போட்டுட்டுப் போறாங்க. மனசு கொதிச்சது எனக்கு. பூங்காவுக்கு வாங்க, பிள்ளைங்க ஓடட்டும், யாரு வேண்டாங்கிறா, ஆனா உள்ள ஒருத்தர் தூங்குறாருன்னு தெரியணும்ல.

டிலனாய் பாதிரியாரும் இல்ல, வேதம் பரப்புறதுக்குன்னு வந்தவரும் இல்ல. டச்சுக்காரங்க படையில எங்க குளச்சல் கரைக்கு சண்டைக்கு வந்தவரு, 1741ல திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா படை புடிச்ச கைதி. அப்புறம் அதே ராஜாவுக்குப் படை பழக்கி, இந்தக் கோட்டையைப் பலப்படுத்தி, ஊரே வலிய கப்பித்தான், அதாவது பெரிய கேப்டன்னு கூப்பிடுற அளவுக்கு ஆகி 1777ல இங்கேயே கண்ண மூடுனாரு. பத்மநாபபுரத்துல அதிகாரியா இருந்த நீலகண்ட பிள்ளை ஆடு மாடு சொத்துன்னு எல்லாம் போய் மனசொடிஞ்சு கிடந்தப்ப அவருக்கு, எல்லாத்தையும் இழந்தும் கடவுளை விடாத பைபிள் யோபுவோட கதையைச் சொன்னது இந்த மனுஷன்தான். அதுலதான் பிள்ளைவாள் வடக்கன்குளம் போயி 1745ல ஞானஸ்நானம் வாங்கி தேவசகாயம் ஆனாரு. ஒரு வீரன் இன்னொரு மனுஷனோட துக்கத்துக்குப் பக்கத்துல உக்காந்து பேசுன பேச்சு, அது எங்க வீடு வரைக்கும் வந்திருக்கு பாருங்க.

அம்மா முட்டுவலியோட தரையில உக்காந்து அந்தக் கல்ல ரெண்டு கையாலயும் தடவுனாங்க. அண்ணன் பக்கத்துல நின்னான். ஒக்கி பத்தி அவன் எங்கக்கிட்ட வாயே தொறந்ததில்ல, கல்யாண வீட்ல யாராவது கேட்டாக்கூட எந்திச்சுப் போயிருவான். அன்னைக்கு அம்மா ஜெபமாலை சொல்லச் சொல்ல அவனா ஆரம்பிச்சான், அலை போட்டைத் தூக்கிப் போட்டது, கூட இருந்தவங்க பேரு, தண்ணி தீந்துபோனது, அம்மா மூஞ்சிய நெனச்சுக்கிட்டது, திரும்பி வராத கூட்டாளியோட பிள்ளைங்களை இப்பவும் ரோட்ல பாக்கும்போது எப்படி இருக்குன்னு, எல்லாம். எங்க அண்ணி வாயில முந்தானையை வச்சுக்கிட்டு அழுதா. மான் பாக்க வந்த ஒரு குடும்பம்கூட சத்தம் போடாம விலகிப் போனாங்க. நான் என்ன ஜெபிச்சேன்னு எனக்கே ஞாபகம் இல்ல, நன்றி ஆண்டவரேன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தேன், திரும்பி வராதவங்களுக்காகவும் சேத்து.

பக்கத்துலதான் முட்டிடிச்சான் பாறை. வேதத்துல சேந்ததுக்காக எருமை மேல ஏத்தி, அடிச்சு, மிளகாய்ப்பொடி தேச்சு இழுத்துட்டு வந்த தேவசகாயம் தாகத்துல முட்டால இடிச்சதும் தண்ணி வந்த பாறை. மெழுகுதிரி, உப்பு மிளகு விக்கிறவங்க கையப் புடிச்சு இழுக்கிறதும் கூட்டம் இடிக்கிறதும் இருக்கத்தான் செஞ்சது, ஆனா அந்தக் குழித்தண்ணிய அம்மா கையில அள்ளி அண்ணன் தலையில வச்சாங்க, அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் கண்ணுல படல. கடல்ல தண்ணி இல்லாமக் கிடந்தவன்ல அவன். அந்தத் தண்ணியக் குடிச்சுட்டு இன்னும் கொஞ்சம்னு கேட்டான்.

பெருவிளையில அவரைக் கட்டிப்போட்ட வேப்பமரத்து இடம், ஆரல்வாய்மொழி காற்றாடிமலை, கடைசியா கோட்டார் சவேரியார் கோயில்ல அவரு அடக்கம், எல்லாம் ஒரே நாள்ல முடிச்சோம். காற்றாடிமலையில அவரை 1752 ஜனவரி 14ல சுட்ட இடத்துல அம்மாவால மேல ஏற முடியல, யாருன்னே தெரியாத ரெண்டு பையங்க கையத் தாங்கி ஏத்திவிட்டாங்க, பேரு கூட சொல்லல, நல்லா இருக்கட்டும் அந்தப் பிள்ளைங்க. தேவசகாயமே, உமக்கு நன்றி. உமக்கு யோபு கதை சொன்ன அந்த மனுஷனுக்கும் நன்றி. கோட்டார்ல கடைசி மெழுகுதிரியை அண்ணனே ஏத்தினான். அடுத்த ஜனவரி திருநாளுக்கு அந்தக் கூட்டாளியோட பிள்ளைங்களையும் கூட்டிட்டு வரணும்னு அங்க வச்சே சொன்னான், அம்மா சரின்னுட்டாங்க.