காக்கட்டூ வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு

மஞ்சக்குப்பத்தில் என் தையல் கடைக்கு ஜாக்கெட் கொடுக்க வருகிறவர்கள் முத்துவைப் பார்த்ததும் விலையைத்தான் கேட்கிறார்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று: பகலில் உங்கள் வீட்டில் யார் இருப்பார்கள்?

முத்து வெள்ளைக் காக்கட்டூ, அதாவது தலையில் கொண்டை உள்ள பெரிய வெள்ளைக் கிளி. இந்தோனேசியாவின் ஹல்மஹேரா பக்கத்துத் தீவுகளில் ஜோடியும் கூட்டமுமாக வாழும் இனம். இங்கே நாம்தான் அதன் கூட்டம். தனியே அடைத்துப் போட்டால் தன் இறகைத் தானே பிடுங்கும். அண்ணன் துபாய்க்குக் கிளம்பும்போது என்னிடம் கொடுத்தான். அப்போது இவன் நெஞ்சில் வெறும் தோல்தான். தையல் மெஷின் பக்கத்திலேயே சவுக்குக் கட்டையில் உட்கார வைத்தேன். மெஷின் ஓடினால் தலையாட்டுவான், நின்றால் கூப்பிடுவான். மெல்ல மெல்ல இறகு வந்தது. கட்டையைத்தான் கடித்துத் துப்பிவிடுவான், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடிக்க மரம் தராதவர்கள் கதவைத் தர வேண்டியிருக்கும்.

காலையிலும் பொழுது சாயும்போதும் கத்துவது தெருக்கோடி வரை கேட்கும். அது கூட்டத்தை அழைக்கும் குரல், அடக்க முடியாது. பதிலுக்கு நாம் கத்தினால் இன்னும் உற்சாகம்தான். இறகிலிருந்து வெள்ளைப் பொடி உதிர்ந்துகொண்டே இருக்கும். கறுப்புத் துணி வெட்டும் நாளில் இவனுக்கு இடம் பின்கட்டில். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் தயவுசெய்து வேண்டாம்.

கொஞ்சும்போது தலை, கழுத்தோடு நிறுத்துங்கள். முதுகைத் தடவினால் உங்களைத் துணையாக நினைத்து, பக்கத்தில் வருபவரைக் கடிக்கும். நான்ஸ்டிக் சட்டி அதிகமாகக் காய்ந்தால் வரும் புகை பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். எங்கள் வீட்டில் இரும்புத் தோசைக்கல்தான். வெண்ணெய்ப்பழம் (அவகாடோ) விஷம். சூரியகாந்தி விதையை மட்டுமே போட்டு வளர்த்தால் ஈரல் கெடும். முளைகட்டிய பயறு, முருங்கைக்கீரை, கொய்யா கொடுங்கள்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாற்பது, ஐம்பது வருஷம் இருக்கும். எனக்கு 52 வயது, இவனுக்கு 9. அதனால் அக்கா மகள் இப்போதே ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து இவனைக் குளிப்பாட்டிப் பழகுகிறாள். 2024-இல் வந்த விதிகளின்படி இந்தப் பறவையை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். அந்தக் காகிதங்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்பது அவளுக்குத் தெரியும்.