கெர்னலின் ஒவ்வொரு வரிக்கும் எதற்கு எழுதும் உரிமை?

இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு பழைய டிரைவர், அதில் ஒரு பஃபர், ஒரு எல்லைச் சோதனை விட்டுப்போயிருக்கிறது. அந்த ஓட்டை வழியாக வழிகிற எழுத்து எந்த முகவரி மெமரியின் எந்தப் பக்கத்துக்கு, என்ன அனுமதியோடு போகும் என்று சொல்லும் ஒரு பேஜ் டேபிளிலோ, ஒரு பிராசஸின் யூசர் ஐடியை வைத்திருக்கும் கிரெட் ஸ்ட்ரக்சரிலோ போய் விழுந்தால் பிராசஸர் அதைத் தடுக்காது. எழுதுவதும் கெர்னல், எழுதப்படுவதும் கெர்னல் மெமரி, அதன் பார்வையில் எல்லாம் முறைப்படிதான் நடக்கிறது. லினக்ஸ் மாதிரி ஒரு கெர்னலில் ஷெட்யூலருக்கு என்ன அதிகாரமோ அதே அதிகாரம் அந்த டிரைவருக்கும். ஒரு பேஜ் டேபிளை நியாயமாக மாற்ற வேண்டிய ஃபங்ஷன்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அப்படி இருக்க மற்ற எல்லா வரிக்கும் அந்த உரிமையை ஏன் கொடுத்து வைத்திருக்கிறோம் என்பதுதான் என் கேள்வி. ப்ரொடெக்‌ஷன் கீ என்ற பிராசஸர் வசதியால் அதை எப்படிப் பறிக்கலாம் என்று பார்ப்போம்.

கெர்னலின் கோடையும், பூட் ஆன பிறகு மாறாத தரவையும் ரீட் ஒன்லி ஆக்கிவிடுவது பழைய வழக்கம், அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் பேஜ் டேபிள் ஓடும்போது மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் அனுமதியைத் திறந்து, எழுதி, திரும்ப மூடலாம் என்றால், அனுமதியை மாற்றுவதற்கே பேஜ் டேபிளைத் தொட வேண்டும், அப்புறம் டிஎல்பி-யை (பேஜ் டேபிள் என்ட்ரிகளை பிராசஸர் நினைவில் வைத்திருக்கும் கேஷ்) காலி செய்ய வேண்டும், மற்ற கோர்களுக்கும் இன்டரப்ட் அனுப்பி அங்கேயும் காலி செய்யச் சொல்ல வேண்டும். இந்தச் செலவில் யாரும் இதைச் செய்ய மாட்டார்கள்.

ப்ரொடெக்‌ஷன் கீ இந்தச் செலவைத்தான் வெட்டுகிறது. எக்ஸ்86-இல் பேஜ் டேபிள் என்ட்ரியின் 59 முதல் 62 வரையிலான 4 பிட்டுகள் அந்தப் பக்கத்தின் கீ எண், ஆக மொத்தம் 16 கீ. ஒவ்வொரு கீ-க்கும் ஒரு 32 பிட் ரிஜிஸ்டரில் இரண்டு பிட்: ஒன்று எந்த அணுகலும் வேண்டாம் என்கிறது, இன்னொன்று எழுத மட்டும் வேண்டாம் என்கிறது. கீ எண் டிஎல்பி-யிலேயே உட்கார்ந்திருக்கும், மெமரியை அணுகும் நேரத்தில்தான் பிராசஸர் ரிஜிஸ்டரைப் பார்க்கும், அதனால் ரிஜிஸ்டரை மாற்றினால் போதும், எதையும் காலி செய்யத் தேவையில்லை. அந்த ரிஜிஸ்டர் ஒவ்வொரு லாஜிக்கல் கோருக்கும் தனி என்பதால் இங்கே திறந்தால் பக்கத்துக் கோரில் திறக்காது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயமே அதுதான். யோசனை ஒன்றும் புதிதல்ல, 1964-இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம்/360-இலேயே ஒவ்வொரு 2048 பைட்டுக்கும் 4 பிட் கீ இருந்தது.

யூசர் புரோகிராம்களுக்கான கீ-க்கள் 2016-இலேயே லினக்ஸில் வந்துவிட்டன, 4.6 பதிப்பில் அடிப்படை, 4.9-இல் சிஸ்டம் கால்கள். அங்கே ரிஜிஸ்டரை யூசர் கோடே மாற்றலாம், அதனால் ஒரே பிராசஸுக்குள் விபத்தைத் தடுக்க நல்லது, எதிரியைத் தடுக்கக் கூடுதல் வேலை வேண்டும். கெர்னலின் மெமரிக்கு இன்டெல் தனியாக பிகேஎஸ் என்று ஒரு கீ வசதியைக் கொடுத்தது. அதன் ரிஜிஸ்டர் ஒரு எம்எஸ்ஆர், அதாவது பிராசஸரின் அமைப்புகளுக்கான தனி வகை ரிஜிஸ்டர், கெர்னலால் மட்டுமே எழுத முடியும்.

சரி, உள்ளே எப்படி இருக்கும்? பேஜ் டேபிள்களுக்கு கீ 1 என்று வைத்துக்கொள்வோம். கீ 1-இன் இரண்டு பிட்டுகள் பிட் 2-உம் பிட் 3-உம், எழுதத் தடை பிட் 3, அதாவது ரிஜிஸ்டரின் மதிப்பு 8 என்றால் மூடியிருக்கிறது, 0 என்றால் திறந்திருக்கிறது. ஒரு என்ட்ரியை மாற்றும் ஃபங்ஷன் 0 எழுதும், என்ட்ரியை மாற்றும், 8 எழுதும். வேறு யாராவது அந்தப் பக்கத்தில் எழுதப் போனால் பேஜ் ஃபால்ட். எரர் கோடில் பக்கம் இருக்கிறது என்பதற்கு 1, எழுத முயன்றது என்பதற்கு 2, கீ மீறல் என்பதற்கு 32, கூட்டினால் 35, கெர்னல் லாகில் பதினாறடிமானத்தில் 23 என்று வரும். அந்த வரிக்குக் கீழே இருக்கும் கால் ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்து அங்கே வந்தது என்ற பட்டியல்), எழுதக் கூடாத ஒருவர் எழுதப் போனதை அந்த இடத்திலேயே பிடித்துக் காட்டுகிறது. மெமரி கெட்டுப்போய் வெகுநேரம் கழித்து சம்பந்தமே இல்லாத இடத்தில் கெர்னல் விழுவதை டீபக் செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கஷ்டம் இதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

திறந்திருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் இன்டரப்ட் வந்தால்? ஹார்ட்வேர் இந்த ரிஜிஸ்டரைத் தானாக மூடாது, ரிஜிஸ்டர்களைச் சேமிக்கும் எக்ஸ்சேவ் கட்டளையும் இதைக் கவனிக்காது, ஆக இன்டரப்டைக் கவனிக்கும் ஹேண்ட்லர் முழுவதும் திறந்த உரிமையோடு ஓடும். இன்டரப்டை அணைத்துவிட்டுத் திறக்கலாம் என்றால் அணைக்கவே முடியாத வகை இன்டரப்டான என்எம்ஐ அணையாது. எனவே கெர்னலின் நுழைவுக் கோடிலேயே பழைய மதிப்பைச் சேமித்து, மூடி, திரும்பும்போது மீட்டுக் கொடுக்க வேண்டும். கெர்னலிலேயே அதிகம் நடமாட்டமுள்ள பாதை அது, அங்கே கூடுதலாக ஒரு எம்எஸ்ஆர் எழுத்து என்றாலும் பராமரிப்பவர்கள் நூறு கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

அடுத்தது டைரக்ட் மேப். கீ இருப்பது பேஜ் டேபிள் என்ட்ரியில், பிசிக்கல் பக்கத்தில் அல்ல. டைரக்ட் மேப் என்பது இதுதான்: லினக்ஸ் மொத்த ரேமையும் ஒரே நீளமாக 2 எம்பி, 1 ஜிபி பக்கங்களால் மேப் செய்து வைத்திருக்கிறது, பேஜ் டேபிள்களைத் தொடுவதும் அது வழியாகத்தான். ஒரு 4 கேபி பக்கத்துக்கு மட்டும் கீ போட அந்தப் பெரிய பக்கத்தை உடைக்க வேண்டும், பேஜ் டேபிள்கள் சிதறிக் கிடந்தால் எல்லா இடத்திலும் உடைந்து டிஎல்பி மிஸ் ஏறும். எனக்குச் சரியாகப் படுவது, 2 எம்பி துண்டுகளை முன்பே ஒதுக்கி, மொத்தமாகக் கீ போட்டு, பேஜ் டேபிளுக்கு வேண்டிய பக்கங்களை அதிலிருந்தே கொடுப்பது. அதே பிசிக்கல் பக்கத்துக்குக் கீ இல்லாத இன்னொரு மேப்பிங் எங்காவது தங்கிவிட்டால் இவ்வளவு வேலையும் வீண்.

அப்புறம், தாக்குபவர் கன்ட்ரோல் ஃப்ளோவையே, அதாவது கோட் ஓடும் வழியையே, திருப்ப முடிந்தால் நேரே அந்த எம்எஸ்ஆர் எழுதும் இடத்துக்கே தாவிவிடுவார். அதனால், அனுமதித்த இடங்களுக்கு மட்டுமே தாவ விடும் சிஎஃப்ஐ இல்லாமல் கீ மட்டும் போட்டு நிம்மதி அடைய வேண்டாம். எக்ஸ்86 லினக்ஸில் அதன் ஹார்ட்வேர் வகையான ஐபிடி 5.18-இலும் கம்பைலர் வகையான கேசிஎஃப்ஐ 6.1-இலும், இரண்டும் 2022-இல், வந்துவிட்டன. எழுத்துத் தடைக்குக் கெர்னலையும் கட்டுப்படுத்தும், சிஆர்0 ரிஜிஸ்டரின் டபிள்யூபி பிட்டை யாராவது அணைத்துவிட்டாலும் கீ-யின் எழுத்துத் தடை செயலிழந்துவிடும், அந்த பிட்டையும் காக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் பிடிக்காதவை உண்டு. டிஎம்ஏ வழியாக, அதாவது பிராசஸரைத் தாண்டி நேராக மெமரியில், சாதனங்கள் எழுதுவதைக் கீ பார்க்காது, அது சாதனங்களின் மெமரி அணுகலைக் கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யூ வேலை. 2022-இன் டர்ட்டி பைப் மாதிரியான ஓட்டையிலும் பயனில்லை, அங்கே ஒரு ஃப்ளாகைத் துவக்க மறந்ததால் கெர்னலின் சொந்தக் கோடே, தனக்கு உரிமையுள்ள பக்கத்தில், தவறான நேரத்தில் எழுதியது.

பிகேஎஸ் பேட்ச்கள் இன்டெல்லிலிருந்து பல பதிப்புகளாக வந்தன, முதல் பயனாகக் காட்டப்பட்டது மின்சாரம் போனாலும் தரவை இழக்காத பெர்சிஸ்டன்ட் மெமரியில் தவறுதலாக விழும் எழுத்துகளைத் தடுப்பது. அந்த வகை மெமரியான தன் ஆப்டேன் தொழிலை மூடப்போவதாக இன்டெல் 2022-இல் அறிவித்தது, பேட்ச்களும் முக்கியக் கெர்னலில் சேரவில்லை. என் கருத்தில் முன்னால் நிறுத்தியிருக்க வேண்டியது பேஜ் டேபிளைத்தான், ஏனென்றால் அதை மாற்ற முடிந்தவருக்கு மற்ற எந்தப் பாதுகாப்பும் பொருட்டல்ல. அதற்கடுத்து கிரெட். பதினாறு கீ இருக்கிறதே என்று பத்து விஷயத்துக்குப் பங்கு போடும் திட்டங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை.

முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதல் நாளே கெர்னலை விழ வைக்காதீர்கள். ஃபால்ட் வந்தால் கால் ட்ரேஸை லாகில் போட்டுவிட்டு, கீ-யைத் திறந்து, தொடர்ந்து ஓட விடுங்கள். கொஞ்ச காலம் அப்படி ஓடினால் பேஜ் டேபிளில் உண்மையில் யார் யார் எழுதுகிறார்கள் என்ற பட்டியல் கைக்கு வரும், என்ட்ரியை மாற்றும் ஃபங்ஷனைத் தாண்டி நேராக எழுதுகிறவர்களும் அதில் இருப்பார்கள். அவர்களை ஒவ்வொருவராகச் சரிசெய்து, பட்டியல் காலியான பிறகு கீ-யை நிரந்தரமாக மூடலாம்.