ரெண்டு வருஷம் கழிச்சு வாங்க

“அடுத்த வருஷமே வரணுமா டாக்டர், இல்ல ரெண்டு வருஷம் கழிச்சு வந்தாப் போதுமா?”

அந்த அம்மா கேட்டது இவ்வளவுதான். “ரெண்டு வருஷம் கழிச்சு வாங்க, போதும்” என்றேன். நிம்மதியாகச் சிரித்துவிட்டு, படக் கவரைப் பைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினார். ஏழு மாதம் ஆகிவிட்டது. அந்தப் பதில் இன்னும் என்னை விடவில்லை.

அவருடைய மேமோகிராமில், அதாவது மார்பக எக்ஸ்ரேயில், கோளாறு ஒன்றும் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். நான்கு படங்களையும் பழைய படங்களோடு பக்கத்தில் வைத்து இரண்டு முறை பார்த்தேன். சந்தேகப்படும்படி கட்டியோ சுண்ணாம்புப் புள்ளிகளோ இல்லை. இடது பக்கம் மட்டும் பாப்கார்ன் மாதிரி ஒரு பழைய சுண்ணாம்புப் படிவு. ரொம்ப நாளான ஃபைப்ரோஅடினோமா, அதாவது புற்றுநோய் இல்லாத கட்டி. பயப்பட எதுவுமில்லை. ஆனால் அதைப் பார்த்ததும்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் படத்தை நான் ஏற்கெனவே வேறோர் இடத்தில் பார்த்திருந்தேன்.

அப்போது எங்கள் துறையில் ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. பழைய நார்மல் மேமோகிராம்களில் பெயர், எண் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மிராய் என்ற ஏஐ மாடலில் ஓட்டிப் பார்ப்பது. இன்று புற்றுநோய் இருக்கிறதா என்று அது தேடுவதில்லை. அடுத்த 5 ஆண்டுகளில் வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று படத்தை வைத்தே கணக்கிடும். அமெரிக்காவின் எம்ஐடியில் கணினி விஞ்ஞானி ரெஜினா பார்சிலேயின் குழு அதை உருவாக்கி 2021இல் வெளியிட்டது. 2014இல் அவருக்கே மார்பகப் புற்றுநோய் வந்த பிறகுதான் அவர் இந்தப் பக்கம் திரும்பினார். வாய்ப்பு அதிகம் என்று அது சொன்னவர்களில், எங்கள் பட்டியலில் மேலே வந்த பத்துப் பேரின் படங்களை நான் உட்கார்ந்து பார்த்திருந்தேன். அதில் ஒன்றில் இதே படிவு இருந்தது.

எத்திக்ஸ் கமிட்டி போட்ட நிபந்தனை தெளிவானது: மாடல் கணக்கிட்ட எண்ணை வைத்து யாருக்கும் எந்த மருத்துவ முடிவும் எடுக்கக் கூடாது. அது சரியான நிபந்தனை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மாடல் கற்றது பாஸ்டனில் எடுத்த படங்களில், பெரும்பாலும் ஒரே கம்பெனி மெஷினில். எங்கள் மெஷின் வேறு. அங்கே ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் வழக்கமாக வந்து எடுத்துக்கொள்கிறார்கள். நம்மூரில் மார்பில் கட்டி கைக்குத் தட்டுப்பட்ட பிறகு வருகிறவர்களே அதிகம். அங்கே பொருந்திய எண் இங்கே என்ன சொல்கிறது என்று தெரியாததால்தானே ஆய்வே செய்கிறோம்? பாஸ்டனிலேயே அதன் சி-இண்டெக்ஸ் 0.76. இரண்டு பெண்களின் படங்களைக் கொடுத்து யாருக்கு முதலில் நோய் வரும் என்று கேட்டால், நூறு ஜோடியில் ஏறக்குறைய 76 ஜோடிக்குச் சரியாகச் சொல்லும். மீதியில் மாற்றிச் சொல்லும். இந்த அம்மா அந்த மீதியில் இருக்கலாம்.

இதெல்லாம் நியாயம்தான். ஆனால் ஒன்று இடிக்கிறது.

மார்பகத் திசுவின் அடர்த்தியை ஏ முதல் டி வரை நான்கு படிகளாகப் பிரிப்போம், டிதான் மிக அடர்த்தி. அவருடையது சி. படத்தில் அடர்ந்த திசுவும் வெள்ளை, புற்றுநோயும் வெள்ளை. ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும். அடர்த்தியே தனியாக ஆபத்தைக் கூட்டவும் செய்யும். திசு அமைப்பைப் பார்த்தே ஆபத்தை வகை பிரிக்கலாம் என்று டெட்ராய்ட்டிலிருந்து ஜான் உல்ஃப் என்ற கதிரியக்க மருத்துவர் 1976இலேயே எழுதினார். அதனால் நாற்பதைத் தாண்டியவர்களில் சி, டி அடர்த்தி இருந்தால், யார் கேட்டாலும் “வருஷா வருஷம் வாங்க” என்பதுதான் என் வழக்கம். வழிகாட்டுதல்களிலும் இரண்டுக்கும் இடமிருக்கிறது. கதிரியக்க மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரேடியாலஜி வருடம் ஒருமுறை என்கிறது. அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2024இல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்றது.

ஆக, அந்தப் பட்டியலைப் பார்க்காமல் இருந்திருந்தால் அவருக்கும் ஒரு வருஷம் என்றே சொல்லியிருப்பேன். பார்த்துவிட்டதால் இரண்டு என்றேன். அந்த எண் என்னைத் தள்ளிவிடக் கூடாது என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டேன். என் கை சுத்தம் என்று எனக்கே காட்டிக்கொள்வதற்கு அவருடைய ஒரு வருஷத்தைக் கொடுத்துவிட்டேனோ?

இல்லை, அவர் பயந்துபோய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மனம் இளகிச் சொன்னேனோ? சில நாள் அப்படியும் தோன்றுகிறது. அப்படி இருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அதனாலேயே அந்த ஞாபகத்தை நம்பத் தயக்கமாக இருக்கிறது.

ஆய்வில் கூட வேலை பார்க்கும் இன்ஜினியர் பையனிடம் ஒரு நாள் சொன்னேன். “மேடம், அந்தப் பத்துப் படங்களை உங்ககிட்ட காட்டியிருக்கவே கூடாது. அது எங்க தப்பு” என்றான்.

“அவங்களைக் கூப்பிட்டு ஒரு வருஷத்துலயே வரச் சொல்லட்டுமா?”

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டான்: “அப்ப மத்த ஒன்பது பேரு?”

அந்த ஒன்பது பேர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்கள் படத்தில் நான் ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி எதுவும் இல்லை. அவர்களில் யாராவது அதற்குப் பிறகு என் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கலாம். நானும் வழக்கம்போல ஒரு வருஷம் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம்.

ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் அந்த அம்மாவுக்கு அழைப்பு 24 மாதம் என்று பதிவாகியிருக்கிறது. 12 என்று மாற்றினால் காரணம் எழுத வேண்டும். ‘அடர்த்தி சி’ என்று எழுதலாம், அது பொய்யில்லை. போன வாரம் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் எழுதாமல் மூடிவிட்டேன். ஒரு வருஷம் நிறைய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.