பிளஸ் டூவிலேயே கிரெடிட் வாங்கப் போகிறீர்களா?

பிளஸ் டூ படிக்கும்போதே, ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடத்தில் தேர்வு எழுதி 3 கிரெடிட்டுக்கான (பட்டப்படிப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் தரும் புள்ளி) சான்றிதழ் வாங்கியவன் நான். நீடாமங்கலம் பக்கம் எங்கள் கிராமத்தில் அப்போது எல்லாருக்கும் அது பெருமை. இப்போது அதே யோசனையோடு தம்பி தங்கைகள் வந்து கேட்கிறார்கள். அவசரப்படாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

நான் எடுத்தது 12 வாரப் பைத்தான் என்ற கணினி நிரல்மொழிப் பாடம். சேர்வது இலவசம், தேர்வுக்கு மட்டும் 1000 ரூபாய் கட்டினேன். வாராவாரம் அசைன்மென்ட், அதற்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. ஜூலையில் தொடங்கி அக்டோபர் கடைசியில் தேர்வு. நடுவில் பள்ளிக் காலாண்டுத் தேர்வு. வீட்டில் சம்பா நடவும் அப்போதுதான். "வயல நான் பாத்துக்கிறேன், நீ படி" என்று அப்பா என்னை வரப்புப் பக்கமே விடவில்லை. அவர் மிச்சப்படுத்திக் கொடுத்த அந்த நேரம் முழுக்கப் பைத்தானுக்கே போனது. காலாண்டில் கணக்கு 61. கலப்பு எண்களில் விட்டதைப் பொதுத்தேர்வு வரை பிடிக்க முடியவில்லை. பொறியியல் கலந்தாய்வுக்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குத்தான் கட்-ஆஃப். திருச்சிக்குப் பஸ் ஏறிப் போய் எழுதி வாங்கிய சான்றிதழுக்கு அதில் இடமே இல்லை. ஆசைப்பட்ட கல்லூரி கைநழுவியது. அப்பாவிடம் அதைச் சொன்ன சாயங்காலம் இன்னும் மனதை அறுக்கிறது.

சரி, சேர்ந்த கல்லூரியிலாவது உதவும் என்று நினைத்தேன். முதல் பருவத்திலேயே பைத்தான் பாடம் இருந்தது. சான்றிதழைக் காட்டினேன். கல்லூரியில் சேர்ந்த பிறகு, துறையின் அனுமதி வாங்கி, விருப்பப் பாடத்துக்குப் பதிலாக எடுத்தால்தான் கிரெடிட் ஏறும் என்றார்கள். அதே பாடத்தை மறுபடி படித்தேன். லேப் சுலபமாக இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் தெரிந்த பாடம்தானே என்று எழுத்துத் தேர்வுக்கு அசட்டையாக இருந்து, அதிலும் மதிப்பெண் குறைந்தது.

சென்னை ஐஐடி இணையவழியில் நடத்தும் டேட்டா சயின்ஸ் பிஎஸ் பட்டப்படிப்பு வேறு மாதிரி. பிளஸ் ஒன் இறுதித் தேர்வு எழுதியவர்களே விண்ணப்பிக்கலாம். 4 வாரப் பாடம், அப்புறம் தகுதித் தேர்வு. பட்டப்படிப்பில் சேர்வது பிளஸ் டூ தேறிய பிறகுதான்.

என்பிடெல்தான் வேண்டுமென்றால், சேர நினைக்கும் கல்லூரியில் முன்கூட்டியே கேளுங்கள். நான் பார்த்த வீடியோக்கள் யூடியூபிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. பொதுத்தேர்வு முடிந்த மறுவாரம் தொடங்கினால், கலந்தாய்வுக்கு முன் நிதானமாக முடித்துவிடலாம்.